வலது பக்கம் கதவு வைத்த டாங்கி

அண்ணன் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவன் சட்டையின் வாடை நுழைந்துவிடும். கட்டட வரைபடங்களுக்கு அமோனியாப் புகையில் நீலப் பிரதி எடுத்துத் தரும் கடையில் அவனுக்கு வேலை. மூக்குக்குள் ஊசி குத்துவது போன்ற அந்த நெடியை அம்மா "மாட்டுக் கொட்டாய் நாத்தம்" என்று திட்டி, சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்லுவாள். எனக்கு மட்டும் அந்த நெடி பிடிக்கும். அது வந்தால் பின்னாலேயே அவன் பையில் சுருட்டி வைத்த பழைய காமிக்ஸ் வரும், காமிக்ஸ் வந்தால் அதற்குள்ளிருந்து ரஷ்ய டாங்கிகள் வரும்.

ஜோகுபாளையத்தில், மாடியில் ஓர் அறையும் சமையல்கட்டுமாக இருந்த வீடு எங்களுடையது. அப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டு வாரக் கடைசியில் ரயிலேறி வருவார். அம்மா கார்மென்ட்ஸில் ஆண்கள் சட்டைக்குப் பட்டன் பட்டி தைப்பவள். இவர்கள் எல்லோரும் கிளம்பிப் போனபின் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, தாழிட்டோமா என்று மறுபடி போய் இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருப்பவள் நான். ஒன்பதாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. படிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. கூடவே பயமும் வந்தது. தொண்ணூற்றொன்றின் கடைசியில் காவிரித் தகராறில் ஊர் பற்றியெரிந்த அன்று, பள்ளியிலிருந்து என்னைக் கூட்டிவந்த அம்மா, "வாயைத் தொறக்காத, யாரு இன்னா கேட்டாலும் தமிழ்ல பேசாத" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நாளில் எல்லாம் பழையபடி ஆயிற்று. கன்னடக்கார வீட்டு ஓனரம்மா முன்போலவே கறிவேப்பிலை கேட்டு வந்து அரை மணி நேரம் அம்மாவோடு கதை பேசிவிட்டுப் போனார். என் வாய் மட்டும் திறந்துகொள்ளவில்லை. பள்ளி வாசலைக் கண்டதும் வயிறு கலங்கும், காலையில் குடித்த காபி வெளியே வந்துவிடும். டாக்டர் வயிற்றுக்கு மருந்து கொடுத்தார். அதற்கடுத்த மழைக்காலத்தில் நான் மெயின் ரோட்டைத் தனியாகத் தாண்டி மாதக் கணக்காகியிருந்தது.

அந்த மழைக்காலம் முழுக்க நான் டாங்கிகளோடு இருந்தேன்.

அண்ணன் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கி வரும் காமிக்ஸ்களில் யுத்தக் கதைகள் நிறைய இருக்கும். கறுப்பு வெள்ளைப் படங்கள், மட்டமான காகிதம், மை விரலில் ஒட்டும். யார் ஜெயித்தார்கள் என்பதை அண்ணன் படிப்பான். நான் சக்கரங்களைப் பார்ப்பேன். எந்த டாங்கி வந்தாலும் மொழிபெயர்த்தவர் "ராட்சச டாங்கி" என்றே எழுதியிருப்பார், எப்போதாவதுதான் ஒரு ஜெர்மன் சிப்பாய் "டி-34 வருகிறது, ஓடுங்கள்!" என்று கத்துவான். அப்படிக் கத்திய படத்தை வைத்துக்கொண்டு, கத்தாத படங்களிலெல்லாம் அதைத் தேடினேன். பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரம், முன்பக்கத் தகடு கூரை போலச் சரிந்திருக்க வேண்டும், இரண்டும் இருந்தால் டி-34. மேல்மூடிகள் இரண்டையும் திறந்து வைத்தால் அது எலி காதை விறைத்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். அதை "எலிக் காது" என்றோம். சின்னச் சக்கரம் ஆறும், தலையில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் போல ஒரு கூண்டுமாக வந்ததற்குப் பெயர் தெரியாததால் "சின்டெக்ஸு" ஆயிற்று. சில ஓவியர்கள் சோம்பேறிகள், ரஷ்ய உடம்புக்கு ஜெர்மன் சக்கரத்தைப் போட்டுவிடுவார்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

"நீ இங்க டாங்கி எண்ணிக்கினு கீற, அங்க அந்த நாடே இல்லாம பூட்ச்சு, தெரியுமா?" என்றான் அண்ணன் ஒருநாள். சோவியத் ஒன்றியம் கலைந்த செய்தி எனக்கும் தெரியும். எனக்கு உடனே வந்த கவலை, அப்படியானால் அத்தனை டாங்கிகளையும் இப்போது யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான். மழையில் நனைந்தால் துருப்பிடிக்குமே என்று அதையும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.

பார்த்தது போதாமல் செய்ய ஆரம்பித்தேன். சட்டையை மடிக்கும்போது உள்ளே வைக்கும் அட்டையில் கிழிந்தது, கசங்கியது எல்லாவற்றையும் அம்மா கொண்டுவருவாள். அது டாங்கியின் தகடாயிற்று. கோட்டுப் பட்டன்கள் சக்கரம், தீர்ந்துபோன பேனா ரீஃபில் பீரங்கிக் குழல். சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினுக்கு என்ன செய்வது என்று நெடுநாள் தவித்தேன். பல் போன ஒரு பேன்ட் ஜிப்பை அம்மா குப்பைக்காக ஒதுக்கி வைத்தபோது, அதைப் பட்டன்களைச் சுற்றி வளைத்துப் பார்த்தேன். எழுந்து ஆடலாம் போலிருந்தது. ஆடவில்லை, கீழ்வீட்டுக்கு ஓசை கேட்குமே என்று.

அளவுதான் பெரிய தொல்லை. படத்தில் எங்கும் அளவு எழுதியிருக்காது. ஆகையால் டாங்கிக்குப் பக்கத்தில் நிற்கும் சிப்பாயை முழம்போல வைத்துக்கொண்டேன். பல படங்களில் ஒப்பிட்டு, சக்கரம் ஓர் ஆளின் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை, மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றரை ஆள் என்று கணக்குப் பிடித்தேன். பட்டனை இடுப்பாக வைத்தால் ஆள் என் சுண்டுவிரலைவிடச் சின்னவன். அப்படி ஒருவனை அட்டையில் வெட்டி, எதைச் செய்தாலும் அவனைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துத்தான் ஒட்டுவேன். "உன் மாப்ளை இன்னா சொல்றாரு?" என்று கேட்பான் அண்ணன்.

ஓட்டுபவன் ஏறி இறங்கும் கதவு விஷயத்தில்தான் எங்களுக்குச் சண்டை வந்தது. டி-34க்கு முன் தகட்டிலேயே அந்தக் கதவு இருக்கும். என்னிடமிருந்த மிகத் தெளிவான படத்தில், உள்ளே உட்கார்ந்து முன்னால் பார்ப்பவனுக்கு வலது பக்கம் கதவு. நம் பஸ் டிரைவரும் வலது பக்கம்தானே உட்காருகிறார், எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அண்ணன் வேறொரு புத்தகத்தில் இடது பக்கம் பார்த்ததாகச் சொன்னான்.

"ரஷ்யாவுல வண்டிங்க ரோட்டுக்கு ரைட்ல ஓடும். டிரைவர் லெஃப்ட்லதான் குந்துவான்."

"டாங்கி இன்னா, ரோட்டுல டிராஃபிக் பார்த்தா ஓடுது?"

அவன் பார்த்த புத்தகம் கையில் இல்லாததால் நான் ஜெயித்தேன். வலது பக்கமே கதவு வைத்து, பச்சை அடித்து, ஜன்னலில் காயவைத்தேன்.

இந்த நேரத்தில் எனக்கு ஒரு கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜை கழிந்ததும் என்னைக் கார்மென்ட்ஸில் "ஹெல்பர்" ஆகச் சேர்ப்பது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். நீண்ட கூடம், நூற்றுக்கணக்கான மிஷின்கள் ஒன்றாகப் போடும் இரைச்சல், நடுவில் நின்று கத்தும் சூப்பர்வைசர். அதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். அம்மாவுக்கும் அது தெரியும். "வூட்லயே இருந்தா பயம் போவாதுடீ, முத்திப்பூடும்" என்பாள். அப்பா ஒரே ஒருமுறைதான் பேசினார். "கூண்டுல ஏறிச் சொரங்கத்துக்குள்ள எறங்குறப்பல்லாம் எனக்கும் வயிறு கலங்கும்மா. இத்தினி வருசமா கலங்கிக்கினேதான் எறங்குறேன்."

அண்ணன் வேறு வழி பார்த்தான். அவன் பிரதி கொண்டுபோய்க் கொடுக்கும் இடங்களில் ஒன்று மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டின் கார் ஷெட். கட்டப்போகும் அபார்ட்மென்ட்களைச் சின்னதாக அட்டையிலும் தெர்மக்கோலிலும் செய்து தருபவர்கள். மொத்தம் நாலைந்து பேர், சத்தம் கிடையாது, வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்றான். நான் வர மாட்டேன் என்றேன். "சரி, நீ வராத. டாங்கி வரட்டும்" என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை அதை ஷூ டப்பாவில் வைத்து எடுத்துப்போனான்.

மறுநாள் மத்தியானம் அம்மா கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பரப்பிக் கிடந்த என் காமிக்ஸை ஒதுக்கி வைத்தாள். நான் டாங்கிக்குப் பார்த்த அதே பக்கம் திறந்திருந்தது. அதிலிருந்த சிப்பாயை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாடீ இவன், மீசை வெச்சிக்கினு பொம்பளை சட்டைய மாட்டிக்கினு நிக்கிறான்?"

"சட்டையில இன்னாம்மா ஆம்பளை, பொம்பளை?"

"ஆம்பளை சட்டைன்னா இடது பட்டி மேல வரும், பட்டன் வலது பக்கம் இருக்கும். இவனுக்கு எல்லாம் மாத்திக் கீது பாரு. இந்த மாதிரி ஒண்ணு எங்க லைன்ல போயிருந்தா, சூப்பர்வைசர் பண்டலோட மூஞ்சில வுட்டெறிஞ்சிருப்பான்."

அவனுக்கு மட்டுமில்லை. அந்தக் கதையில் சட்டை தெரிந்த அத்தனை பேருக்கும் பட்டன் மாறியிருந்தது. தளபதிக்கு ஒருவன் இடது கையால் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான். மாதக் கணக்காக அந்தப் பக்கத்தைப் பார்த்தவள் நான். சக்கரத்தைப் பார்த்தேனே தவிர, கையைப் பார்க்கவில்லை. புத்தகத்தை எடுத்துப்போய் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு நேரே காட்டினேன். சட்டைகள் ஆம்பளைச் சட்டைகள் ஆயின, சல்யூட் வலது கைக்கு வந்தது, டாங்கியின் கதவு இடது பக்கம் போய் உட்கார்ந்தது. அச்சடித்தவர்கள் அந்தக் கதையின் படங்களை மட்டும் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். தமிழ் எழுத்தைப் பிறகு ஒட்டியதால் யாருக்கும் தெரியவில்லை.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவருடைய மேஜைமேல் என் டாங்கி தப்பான கதவோடு நின்றுகொண்டிருக்கிறது. "நாளைக்கு நான் போறப்போ எடுத்தாரேன்" என்ற அண்ணன், காலையில் கடையில் வேலை அதிகம், வியாழக்கிழமைதான் அந்தப் பக்கம் போவேன் என்றான். வியாழக்கிழமை வரைக்கும் அது அங்கே நிற்பதா? அம்மாவும் அவனும் கிளம்பியபின் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு பிளேடையும் பசையையும் ஒரு துண்டு அட்டையையும் பையில் போட்டு, கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பிவந்து மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு, மெயின் ரோட்டுக்கு வந்தேன்.

சிவாஜிநகரில் பஸ் மாறினேன். கண்டக்டர் "எல்லிகம்மா?" என்று கேட்டபோது, எத்தனையோ மாதமாக மூடிக் கிடந்த என் கன்னடம் "மல்லேஸ்வரம்" என்ற ஒரே சொல்லாக வெளியே வந்தது. அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பின்னால் இடம் காலி, போய் உட்கார் என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குமேல் என்னவெல்லாமோ நடக்கும் என்று நான் வீட்டில் உட்கார்ந்து எண்ணியிருந்தேன்.

அண்ணன் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்துக் கார் ஷெட்டைக் கண்டுபிடித்தேன். அதை நடத்தியவர் ஒரு மேடம். மூன்று தலைமுறையாக அதே தெருவில் இருக்கும் தமிழ்க் குடும்பம். என் டாங்கி அவருடைய ஜன்னல் மேடையில் காபி டம்ளருக்குப் பக்கத்தில் நின்றது. நான் யார் என்றுகூடச் சொல்லாமல், "மேடம், அதுல கதவு தப்பு" என்றேன்.

"அய்யோ, நீதானா அந்தப் பொண்ணு? கூத்கோம்மா, உட்காரு. சென்னாகி, ரொம்ப நன்னா பண்ணியிருக்கே. கதவு எந்தப் பக்கம் இருந்தா என்ன, யாருக்குத் தெரியப் போறது?"

"எனக்குத் தெரியுது மேடம்."

சத்தமாகச் சொல்லிவிட்டேனோ என்று உடனே பயம் வந்தது. அவர் சிரித்தார். நான் தரையில் உட்கார்ந்து, பிளேடால் கதவைப் பெயர்த்தெடுத்து, பழைய இடத்தை அட்டையால் அடைத்து, இடது பக்கத்தில் புதிதாக வெட்டி ஒட்டினேன். முடித்ததும், "இங்கே வா" என்று உள்ளே அழைத்துப்போனார். மூலையில் ஓர் அபார்ட்மென்ட் மாடல் பாதி உடைத்த நிலையில் கிடந்தது.

"டிரேசிங் ஷீட்டைப் பின்பக்கமாத் திருப்பி வச்சுண்டு மூணு மாடி ஒட்டிட்டா எங்க பசங்க. மாடிப்படி அந்தப் பக்கம், லிஃப்ட் இந்தப் பக்கம். பில்டர் பார்த்துட்டு கத்தினான் பாரு! ஒட்டறதுக்கு எனக்கு ஆள் கிடைக்கும்மா. ஒட்டறதுக்கு முன்னாடி பயப்படறதுக்குத்தான் ஆள் இல்லை."

ஆயுத பூஜைக்கு நான் அந்தக் கார் ஷெட்டில் கத்தரிக்கோலுக்கும் பிளேடுகளுக்கும் பொட்டு வைத்தேன். கார்மென்ட்ஸுக்குப் போகாததில் அம்மாவுக்குக் கொஞ்ச நாள் வருத்தம்தான். பிறகு தெருவில், "எங்க பொண்ணு பில்டிங்கு கட்டுறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். எவ்வளவு பெரிசு என்று யாரும் கேட்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்துத் தெருவுக்கு ஒரு சைபர் சென்டர் வந்தபோது, அண்ணனும் நானும் முதன்முதலில் தேடிப் பார்த்தது டி-34இன் முன்பக்கத்தைத்தான். கதவு இடது பக்கம். "சொன்னனா இல்லியா?" என்று அவன் எழுப்பிய கூச்சலில் பக்கத்து கம்ப்யூட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். "சின்டெக்ஸு"க்கு உண்மைப் பெயர் கே.வி.-2 என்பதும் அன்றுதான் தெரிந்தது. அந்தப் பெயர் எங்கள் இருவர் வாயிலும் இன்றுவரை ஒட்டவில்லை.

அந்தப் பழைய பேப்பர் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அமோனியாப் பிரதி எடுப்பவர்கள் யாரும் இல்லை, அண்ணன் சட்டையில் எந்த வாடையும் வருவதில்லை. சுரங்கத்தை மூடிவிட்டார்கள், அப்பாவும் இல்லை. கார் ஷெட் பெரிய பட்டறையாகி இடம் மாறிவிட்டது, பாதி வேலையை மிஷினே அச்சடித்துத் தந்துவிடுகிறது. ஒட்டுவதற்கு முன்பு வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கு மட்டும் இன்னமும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

டாங்கி என் மேஜைமேல் இருக்கிறது. பச்சை வெளுத்துப்போனதில், வலது பக்கம் நான் அடைத்த இடம் சதுரமாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள், "இதுக்கு ஏன் மேடம் ரெண்டு கதவு?" என்று கேட்கிறார்கள். அந்தப் பக்கமாகத்தான் நான் வெளியே வந்தேன் என்று சொல்லுவேன். இன்று காலையும் வீட்டைப் பூட்டி, தெருமுனை வரை வந்து, திரும்பிப் போய் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, வயிறு கலங்கிக்கொண்டே பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது.