டிரைவர் பொண்டாட்டி வேலம்மாள்

வேலம்மாளை எங்கள் லைனில் ஒருத்திக்கும் பிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரியான எனக்கும் ரொம்ப நாள் பிடிக்காமல்தான் இருந்தது. காப்பித் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் வரிசைதான் லைன். அந்த வரிசைக்கே ஒரு தண்ணீர்க் குழாய். வேலம்மாள் குடத்தோடு வந்தால் மற்றவர்கள் நகர்ந்துவிட வேண்டும். ஏனென்றால் அவள் டிரைவர் பொண்டாட்டி. அவள் புருஷன் மாதப்பன் காக்கிச் சட்டை போட்டு எஸ்டேட் லாரி ஓட்டுகிறவன். எங்கள் புருஷன்மார்களோ கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் காப்பிச்செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர்கள். இந்த வித்தியாசத்தை நாங்கள் மறந்தாலும் அவள் மறக்க விடமாட்டாள்.

அவளுடைய அண்ணன் பொன்னுவேலுக்கு மலையடிவாரத்துக் குப்பனூரில் கிணற்றோடு நிலம் இருந்தது. உழ ஆள் போதவில்லை. ஒருமுறை மலைக்கு வந்தவன், "மாப்ளே, பாதி காட்டை நீங்க வாரத்துக்குப் பாருங்க. வெளையறதுல சரிபாதி" என்று கூப்பிட்டான். மாதப்பனின் முகம் மலர்ந்ததை வாசலில் நின்ற நானே பார்த்தேன். அவன் வாய் திறப்பதற்குள் வேலம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஸ்டேரிங் புடிச்ச கைங்கண்ணா அது. மம்முட்டி புடிக்காது."

மாதப்பன் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான். அவள் திமிரைப் பற்றி நாங்கள் ஒரு வாரம் பேசித் தீர்த்தோம். அவன் பேசாமல் இருந்ததைப் பற்றி எங்களில் யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

சீமையில் சண்டை நடந்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் லாரிக்குப் பக்கவாட்டில் கரி அடுப்பு மாட்டி ஓட்டினார்கள். கிளீனர் சின்னன் பட்டாளத்துக்கு லாரி ஓட்டப் போய்விட்டான். "நீங்களும் வாங்கண்ணா, அங்க டிரைவருக்கு நொம்ப மவுசு" என்று மாதப்பனையும் இழுத்துப் பார்த்தான். மாதப்பன் போகவில்லை. கிளீனர் இல்லாமல் மலைப்பாதையில் லாரியை இறக்க முடியாது. வளைவுகளில் லாரி ஒரே வெட்டில் திரும்பாது. பள்ளத்தின் விளிம்பு வரை மூக்கை நீட்டி நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி திருப்ப வேண்டும். பாரத்தோடு இருக்கும்போது கைப்பிரேக் மட்டும் தாங்காது. பிரேக்கை மிதித்திருக்கும் காலை எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைப்பதற்குள் வண்டி முன்னால் நழுவிவிடும். அதற்காகத்தான் கிளீனர் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவது. போன மழையில் பக்கத்துத் தோட்டத்து லாரி ஒன்று அப்படி நழுவிப் பள்ளத்தில் போனது. ஓட்டியவன் பெரியண்ணன், மாதப்பனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவன். அவன் உடலை மேலே கொண்டுவரக் கயிறு கட்டி இறங்கினார்கள்.

தை மாதம். காப்பிக்கொட்டை மூட்டைகள் கீழே போயாக வேண்டும். மூட்டை இறக்க வேண்டிய நாளில்தான் பொன்னுவேலின் மகளுக்குக் காதுகுத்து. பெண்களை லாரியில் ஏற்றக்கூடாது என்பது எஸ்டேட் சட்டம். ஆனாலும் கட்டை போட வேறு ஆள் கிடைக்காத அவசரத்தில், எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வெங்கடாசலம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வேலம்மாள் முதல்முறையாகப் புருஷனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நாங்கள் பார்க்கிறோமா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பார்த்தோம், வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள்.

மூடுபனி கலையவில்லை. முதல் வளைவில் லாரியின் மூக்குக்கு முன்னால் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. கீழே மரமா பாறையா என்று ஒன்றும் புலப்படவில்லை.

"எறங்கி ஓடு புள்ள! கட்டை போடு!"

அவள் பிறந்த வீட்டில் மாட்டுவண்டி உண்டு. மேடேறும் வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்துப் பழகியவள். அந்தப் பழக்கத்தில் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, "வெச்சுட்டனுங்க!" என்று குரல் கொடுத்தாள்.

அவளை நம்பி மாதப்பன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். லாரி பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தது. கட்டை இருந்த இடத்திலேயே கிடக்க, சக்கரம் அதைவிட்டு விலகிப் போவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

"முன்னால! சக்கரத்துக்கு முன்னால போடு!"

அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை. வீட்டில் சோறு போடச் சொல்லவும் சத்தமாகப் பேசாதவன். அவன் மறுபடி மிதித்ததில் பிரேக் கிறீச்சிட்டது, ஆனால் வண்டி முழுதாக நிற்கவில்லை. அவள் கட்டையை வாரி எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் எறிந்தாள். சக்கரம் கட்டையில் ஏறப் பார்த்து, முனகி, நின்றது. முன்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் அவள் உட்காரக்கூட இடம் இருக்கவில்லை. கல்யாணச் சேலையெல்லாம் செம்மண்.

பின்னால் எடுத்துத் திருப்பி மறுபடி கிளம்பியபோது அவள் புருஷனின் காலைக் கவனித்தாள். முழங்கால் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, காலு ஆடுதுங்க."

"எஞ்சின் ஆட்டம் புள்ள. எல்லாந்தான் ஆடும்."

அவளும் நம்பினாள். லாரி முழுக்க ஆடிக்கொண்டுதான் இருந்தது.

இன்னும் சில வளைவுகள் தாண்டியதும் கீழேயிருந்து மாட்டுவண்டிகள் வரிசையாக உப்பு ஏற்றிக்கொண்டு வந்தன. வண்டிகள் எதிரே வந்தால் லாரியை மலைச்சுவர் ஓரமாக ஒதுக்கி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சத்தத்துக்கு மாடு மிரண்டால் வண்டியோடு பள்ளத்தில் போய்விடும் என்பதால் வைத்த வழக்கம். மாதப்பன் ஒதுக்கி அணைத்தான். வண்டிக்காரர்கள் "வாரனுங்க டிரைவரண்ணா" என்று தலைப்பாகையைத் தொட்டுக்கொண்டு போனார்கள். வேறு நாளாக இருந்தால் அவளுக்குத் தலைகால் புரிந்திருக்காது.

எஞ்சின் நின்றுவிட்டது. லாரி அசையாமல் நின்றது. மாதப்பனின் முழங்கால் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்ப்பதைப் பார்த்து அவன் கையை வைத்து மூடினான். கையும் சேர்ந்து ஆடியது. ராத்திரி தூக்கத்தில் அவன் கால் உதைத்துக்கொள்ளும். அசதி என்று எண்ணி விளக்கெண்ணெய் தேய்த்துவிடுவாள். அத்தனை ராத்திரிகளும் அவன் தூக்கத்தில் பிரேக் மிதித்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"எத்தன நாளா இப்படிங்க?"

"பெரியண்ணன் போனதுலருந்து. அதுக்கு முந்தியும் கொஞ்சம் இருந்துச்சு."

"எங்கிட்டச் சொல்லலீங்களே."

கடைசி மாட்டுவண்டியும் தாண்டிப் போனது. மாதப்பன் சொன்னான்: "தொர மொதல் லாரி கொண்டாந்தப்ப, வண்டியக் கெளப்பக் கைப்பிடி சுத்த யாரு வர்றீங்கன்னு கேட்டாங்க. எல்லாரும் பயந்து நின்னாங்க. நான் போய்ச் சுத்துனேன். அன்னிக்குச் சும்மா நின்னிருந்தா இப்ப நானும் காட்டுல காப்பிப் பழம் பறிச்சுட்டு இருப்பேன். பட்டாளத்துக்குப் போயிருக்கலாம், அங்கயும் இதே லாரிதான். உங்கண்ணன் கூப்புட்டப்ப மட்டும் போயிரலாம்னு மனசு அடிச்சுக்கிச்சு. நீ நொம்ப சந்தோசமா இருந்தியே புள்ள, குழாயடில."

இந்த இடத்தை என்னிடம் சொல்லும்போது வேலம்மாள் அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அந்தக் குழாயடியில் அவளைப் பற்றி நாங்கள் பேசியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

மீதி வளைவுகளில் அவன் சொல்வதற்கு முன்பே அவள் குதித்தாள். கட்டையை வைத்துவிட்டு, வைத்த இடம் சரியா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்த பிறகே குரல் கொடுத்தாள். உள்ளங்கை உரிந்துவிட்டது.

குப்பனூரில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. குழந்தையைக்கூடப் பார்க்காமல் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் கொண்டுபோனாள்.

"அண்ணா, அந்தக் காடு. நாங்க வர்றமுங்க. அவரு ஒழுவாரு, நான் களை எடுக்கறேன்."

பொன்னுவேல் அவள் சேலையையும் உரிந்த கையையும் பார்த்தான். அவன் முகம் விழுந்துவிட்டது.

"கண்ணு, போன ஆடியிலயே நல்லமுத்துக்கு விட்டுட்டனே. அவன் கடன ஒடன வாங்கி வெதச்சிருக்கான். இப்பப் போய் எந்திரின்னா குடுத்த வாக்கு என்னாவறது? நீதான வேண்டாம்ன?"

"ஆமாங்கண்ணா. நாந்தான்" என்றாள் வேலம்மாள்.

காது குத்தி முடிந்தது. பந்தியில் அவளால் சாப்பிட முடியவில்லை. மாதப்பனிடம் நடந்ததைச் சொன்னபோது, "போனாப் போவுது உடு புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு காப்பி மூட்டை இறக்கிய லாரியில் எஸ்டேட்டுக்கான அரிசி மூட்டைகளை ஏற்றிக் கயிறு கட்டப் போனான். கயிற்றை இழுத்துக் கட்டியவன் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

திரும்பி ஏறும்போது, "ஏத்தத்துல பின்னால போடோணும்" என்றான்.

"தெரியுமுங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலையில் அவள் பழைய சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, உரிந்த கையில் துணி சுற்றி, லாரியடியில் கட்டையோடு நிற்பதைக் கண்டு லைனே திரண்டுவிட்டது. ரைட்டர் வெங்கடாசலம் ஓடி வந்தார்.

"ஏம்மா, நேத்து ஏதோ விசேசம், கண்ண மூடிட்டேன். தெனமும் பொம்பள லாரில போனா தொர எஞ்சீட்டக் கிழிச்சிருவாரு."

"அப்ப நீங்க வந்து கட்டை போடுங்க, ரைட்டரய்யா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ரைட்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெளையாட்டில்ல, வேலம்மா. லாரி உருண்டா என்ன பண்ணுவே?"

மாதப்பன் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினான். அவனுக்கும் கேட்கும்படியாகவே அவள் சொன்னாள்:

"உருண்டா நானும் உள்ள இருப்பனுங்க. இத்தன நாளும் அவரு ஒத்தையாத்தான் உருண்டுட்டு இருந்திருக்காரு."

கட்டையை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.