ஆறாம் லைனில் நாலு மணி

டாபின்ஸ் மில்லில் ஹாய்ட் ஸ்ட்ரௌடைப் பற்றி யாரிடம் கேட்டாலும் திமிர் பிடித்தவன் என்பார்கள். சொல்கிற வாயில் சூடு வைக்க வேண்டும். இருபது வருஷமாக இந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து லைன் இணைத்துக் கொடுக்கிறவள் நான். இந்த ஊரின் யோக்கியதை எனக்குத் தெரிந்த அளவுக்குப் பாதிரியாருக்குக்கூடத் தெரியாது.

ஹாய்ட் தீவனக் கடையில் மூட்டை தூக்குகிறவன். நாற்பத்திரண்டு வயசு, கல்யாணம் ஆகவில்லை. இந்த மலைப்பக்கம் முழுக்கத் தேடினாலும் அவனைப் போல் பிடில் வாசிக்க ஆள் கிடையாது. ஆனால் மேடை ஏற மாட்டான். வாசிக்கும்போது அவன் முகம் அவன் வசத்தில் இருக்காது. வாய் கோணும், நாக்கு வெளியே வரும், ஒரு கண் மூக்கைப் பார்க்கும். சின்ன வயசில் பள்ளிக்கூட மேடையில் வாசித்தபோது முன் வரிசையிலிருந்து ஒருவன் கன்றுக்குட்டி மாதிரி ‘ம்மா’ என்று கத்தினான். கூடமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். கத்தினவன் கிளீட்டஸ் ராம்சௌர். இப்போது முடிவெட்டும் கடை வைத்திருக்கிறான். கர்மம், ஊருக்கு மேயரும் அவன்தான்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் பக்கத்து ஊர் ஷெல்டனோடு எங்களுக்குப் பிடில் போட்டி. மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். அந்த வருஷம் ஜூனிலேயே கிளீட்டஸ் தீவனக் கடைக்குப் போய் நின்றான். நான் கோழித் தீவனம் வாங்க அங்கேதான் நின்றிருந்தேன்.

“இந்தத் தடவை நீதான் ஏறணும் ஹாய்ட். ஊர் மானம் போகுது.”

“உங்க மானத்தக் காப்பாத்த என் மூஞ்சிதான் கெடச்சுதா? வேற ஆளப் பாரு.”

“என்னடா, பெரிய இவன் மாதிரி பேசுற?”

“இவன்தான். கன்னுக்குட்டி. மறந்துட்டியா?”

கிளீட்டஸ் மூஞ்சி செத்துப்போயிற்று. அன்றிலிருந்து ஊர் ஹாய்டை ஒதுக்கியது. முடிவெட்டப் போனால் நாற்காலி காலியாக இருக்கும்போதே ‘ஆள் வர்றாங்க’ என்றான் கிளீட்டஸ். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து மரத்தடியில் எல்லோரும் கொண்டுவந்த சாப்பாட்டைப் பகிர்ந்து உண்கிறபோது, பொரித்த கோழித் தட்டு ஹாய்டைத் தாண்டித் தாண்டிப் போனது. அவன் கொண்டுவந்த மசாலா முட்டையை ஒருத்தரும் தொடவில்லை. அப்படியே மூடி வீட்டுக்கு எடுத்துப் போனான். 

அவனுக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கை லூலா. ஐந்து மைல் தள்ளி, மேட்டில் வீடு. இதயம் பலவீனமாகிப் படுக்கையில் விழுந்து ஆறு வருஷம். அவள் புருஷன் ஓட்டிஸ் மர அறுவை ஆலைக்காரன், பயங்கரமான பக்திமான். அவன் சபையில் பிடில் என்றால் பிசாசின் பெட்டி. ‘அந்தப் பெட்டியோட என் கேட்டைத் தாண்டினா சுட்டுருவேன் மச்சான்’ என்று சொல்லிவிட்டான். சொன்னால் செய்கிற ஜென்மம்.

அதனால் ஓட்டிஸ் ஆலையில் இருக்கிற நேரம் பார்த்து, தினமும் நாலு மணிக்கு ஹாய்ட் தன் சமையலறை நாற்காலியில் ரிசீவரை வைத்துவிட்டு வாசிப்பான். தங்கை படுத்தபடி கேட்பாள். அவர்கள் இரண்டு வீடும் ஆறாம் லைனில். அந்த ஒரே கம்பியில் மொத்தம் ஒன்பது வீடு. யார் ரிசீவரை எடுத்தாலும் மற்றவர் பேசுவது கேட்கும். ஒவ்வொருத்தர் எடுக்க எடுக்கச் சத்தம் குறையும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுத்தவன் எடுத்தால்தான் குறையும், தான் எடுத்தால் குறையாது என்று அவரவருக்கு ஒரு நினைப்பு.

நானும் தினமும் போர்டில் கம்பியைச் சொருகி அந்த லைனைக் கேட்பேன். ஆபரேட்டர் இல்லையா, லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா!

ஜூலையில் ஆறாம் லைன் வெர்னா கிரிஸ்ப் இந்த நாலு மணி விஷயத்தைக் கண்டுபிடித்து முடிவெட்டும் கடையில் போய் உளறிவிட்டாள். கிளீட்டஸுக்குக் கொண்டாட்டம். “மேடை ஏற மாட்டானாம்ல? ஏற வேணாம். நாமளே அவன் அடுப்படிக்குள்ள போய் உக்காருவோம்” என்றானாம். மறுநாளிலிருந்து ஆறாம் லைன் வீடுகளில் ஊரே கூடியது. ஐஸ் போட்ட தேநீரும் கையுமாக உட்கார்ந்து, ரிசீவரைத் தகரக் கிண்ணத்தில் வைத்துச் சத்தத்தைப் பெருக்கிக் கேட்டார்கள். ஹாய்டுக்கு எதுவும் தெரியாது.

ஒரு வாரம் கழித்து, காலையில் லூலா என்னைக் கூப்பிட்டாள்.

“ஆர்ஃபாக்கா, அண்ணன்கிட்ட சொல்லிராதீங்க. அவர் வாசிக்கிறது எனக்குச் சரியாவே கேக்கல. நேத்து ஒண்ணுமே கேக்கல, கேட்ட மாதிரி ‘ரொம்ப நல்லாருந்துச்சு’ன்னு சொல்லிட்டேன். என் காது போகுதாக்கா?”

“ச்சே, கம்பியில ஈரம் ஏறியிருக்கும்டி.”

“டாக்டர் இன்னும் கொஞ்ச நாள்தான்னுட்டார். அதுக்கு நான் அழல. அதுக்கு முன்னாடியே காது போயிட்டா எனக்குன்னு என்னக்கா இருக்கு?”

வேறு அழைப்பு வருகிறது என்று சொல்லி லைனை வெட்டினேன். அன்று நாலு மணிக்குப் பிடில் ஆரம்பித்ததும் சொருகினேன். எறும்பு ஊர்கிற மாதிரி கேட்டது. பின்னால் ஊரே மூச்சு விடுகிற சத்தம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

“அடப் பாவிங்களா, வைங்க போனை! வெர்னா, உன் வீட்டுக் குயில் கடிகாரம் இங்க வரைக்கும் கூவுது! கிளீட்டஸ், உன் மூக்கடைப்பு எனக்குத் தெரியாதா? நீங்க பத்து பேரு உறிஞ்சினா அந்தப் பொண்ணுக்கு என்னடா மிஞ்சும்? சாகப்போறவ வாயில இருந்து புடுங்கித் திங்கிறீங்களே, வெக்கமா இல்ல?”

டக், டக் என்று ரிசீவர்கள் விழுந்தன. பிடிலும் நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, கத்தின கத்தல் ஹாய்டுக்கும் கேட்டிருக்கும்.

“எத்தனை பேரு?” என்றான் ஹாய்ட்.

நான் வாய் திறக்குமுன் கிளீட்டஸ் பேசினான். அந்தத் தடியன் இன்னும் வைக்கவில்லை. “வாசிடா. மூஞ்சிதான் தெரியலையே, உனக்கென்ன நஷ்டம்?”

 அவ்வளவுதான், இனி ஹாய்ட் பிடிலைத் தொட மாட்டான் என்று நினைத்தேன். அப்போது லூலாவின் குரல் வந்தது.

“அண்ணா, அப்போ என் காது நல்லாத்தான் இருக்கா?”

“நல்லாருக்கும்மா. ஜன்னலத் தொறந்து வை. வர்றேன்.”

போர்டை விட்டு நான் நகர முடியாது. பிறகு நடந்ததெல்லாம் வெர்னா சொன்னது. ஹாய்ட் லாரியில் போனான், பின்னாலேயே எட்டு கார் போனது, கிளீட்டஸின் காரும்தான். ஹாய்ட் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்று வாசித்தான். வாய் கோணியது, நாக்கு வந்தது. எல்லோரும் பார்த்தார்கள். காருக்குள்ளிருந்து ஒருத்தன் ‘ம்மா’ என்று கத்தினானாம், இரண்டு மூன்று பேர் சிரித்தார்களாம். யார் என்று வெர்னா சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஹாய்ட் நிறுத்தவில்லை. ஐந்து மணிக்கு ஓட்டிஸ் வந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு உள்பக்கம் நின்றான். “தாண்டாத” என்றான். “தாண்டல” என்றான் ஹாய்ட். மேலே ஜன்னலிலிருந்து லூலா, “அந்த வேகமானத இன்னொரு தரம், அண்ணா” என்று கேட்டாளாம்.

பதினோரு நாளில் அவள் போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்த இடத்திலேயே கிளீட்டஸ், “அதான் எல்லாரும் மூஞ்சியப் பாத்தாச்சே, இனிமே போட்டிக்கு வர்றதுக்கென்ன?” என்று கேட்டான். மனுஷனா அவன்! ஹாய்ட் அவன் காலடியில் துப்பிவிட்டு நகர்ந்தான். ஆகஸ்டில் ஷெல்டன்காரர்களிடம் தோற்றோம். நல்லா வேண்டும்.

போட்டி முடிந்த அடுத்த வாரம் ஹாய்ட் தன் வீட்டு டெலிபோனைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான்.

“இது இனி வேணாம்.”

“ஹாய்ட், நான்தான் அன்னைக்கு எல்லாரையும் வைக்கச் சொல்லி...”

“நீ எத்தனை நாளா கேட்ட?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“ஆறு வருஷமா.”

“தினமுமா?”

“தினமும்.”

தலையாட்டினான். “அப்போ ஒரு நாள்கூட அவளுக்கு முழுசா கேக்கல” என்றான். தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான்.