சந்ததியின்றி மரித்தவர்கள்

நாகர்கோவிலில் ஓய்வு பெற்றவர்கள் காலையில் நடக்கப் போவார்கள், இல்லையென்றால் கோவில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். என் மூட்டு இரண்டுக்கும் ஒத்துழைக்கவில்லை. அதனால் வம்சாவளி சேகரிக்கக் கிளம்பினேன். வீடுகளில் கையெழுத்தாகக் கிடக்கும் வம்சாவளிகளைப் படமெடுத்து, எவரும் பார்க்கிற மாதிரி, எவரும் சேர்க்கிற மாதிரி இணையத்தில் ஏற்றும் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு ஒருவர் கேட்டார், "உமக்கு எதுக்குவே வம்சாவளி?" கோபம்தான் வந்தது.

முன்னோர் மேலுள்ள பாசத்தில் வரைந்து வைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் பூட்டன் பெயர் தெரிந்திருந்தால், அங்கே வயல் வழக்கு நடந்திருக்கிறது என்று பொருள். வக்கீல் கேட்டிருப்பார், வரைந்திருப்பார்கள். எங்கள் வீட்டுக் காகிதமும் அந்த வகைதான். என் பூட்டனுக்கு ஒரு தம்பி. அந்தத் தம்பி பெயருக்குக் கீழே, "சந்ததியின்றி மரித்தார்." என் அப்பா அதைக் கடைசிவரை நம்பினார். நானும் நம்பித்தான் ஏற்றினேன்.

மறுவாரம் தக்கலையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பெண் போனில் அழைத்தாள். "சந்ததி இல்லன்னு போட்டிருக்கியள்லா, அவருக்க கொள்ளுப்பேத்தியாக்கும் பேசுதேன்."

இரண்டு நாளில் அவள் வீட்டுக் காகிதத்தோடு வந்து இறங்கினாள். அதே அண்ணன் தம்பி, அதே வயல். ஆனால் அதில் தம்பிக்கு ஏழு பிள்ளைகள். "சந்ததியின்றி மரித்தார்" என்பது என் பூட்டனுக்குக் கீழே இருந்தது. என் மனைவி கொண்டுவந்த காப்பியை, பிறக்கவே வாய்ப்பில்லாத நாங்கள் இருவரும் குடித்தோம்.

"அந்த வயலு இப்ப யாருக்க கையில?" என்று கேட்டேன்.

"நாலுவழிச் சாலைக்க அடியில கெடக்கு, அண்ணாச்சி."

இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றினோம். இணையத்தில் பார்க்கிறவர்களுக்கு எங்கள் குடும்பம் இரண்டு பக்கமும் பூண்டோடு அற்றுப்போனது. அதைச் சரிசெய்ய, இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒன்று எழுத அந்தப் பெண் உட்கார்ந்தாள். அவள் பக்கம் கிளை கிளையாகப் போய் துபாய்வரை நீண்டது. என் பக்கம் இறங்கி வந்து, என் பெயரையும் மனைவி பெயரையும் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள்.

"எழுது மக்கா," என்றேன். "இங்க மட்டும் அது உண்மையாக்கும்." சாதாரணமாகச் சொல்லத்தான் நினைத்தேன், முடியவில்லை. அந்த நேரம் எனக்கு நன்றாகவே வலித்தது.

அவள் பேனாவை மூடினாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. நம்ம குடும்பத்துல அப்பிடி எழுதினா எவனும் நம்பமாட்டான். ஏதோ கேஸு நடக்குன்னுதான் நெனைப்பாவ."

அடுக்களையில் என் மனைவி சிரித்தாள். இந்த விஷயத்தில் அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை.