மலையேறி வந்த ஆடுகள்

பொனாரியா முப்பது வருஷமாக அந்தச் சுண்ணாம்பு மலையில் ஆடு மேய்த்தவள். கூர்கூரான வெள்ளைப் பாறைகள் மேல் கண்ணை மூடிக்கொண்டு நடப்பாள். அன்றைக்கு மட்டும் கால் பின்னியது.

போன வாரம் இடி விழுந்து அவளுடைய நாற்பது செம்மறிகளும் ஒரே மரத்தடியில் செத்துப்போயின. இத்தாலியின் சார்டீனியாத் தீவில் ஒருத்தருக்கு மந்தை போனால், மற்றவர்கள் ஆளுக்கொரு நல்ல ஆடு கொடுத்து மறுபடி மந்தை கட்டித் தருவார்கள். அன்று மதியம் மலையுச்சி ஆட்டுப்பட்டியில் எல்லாரும் கூடுவதாகப் பேச்சு. யாரும் வராவிட்டால், ஜெனோவா நகரத்தில் தங்கை வீட்டோடு தங்கி, கண்டவர் வீட்டில் தரை துடைக்க வேண்டியதுதான்.

"என்னடி, இப்படி நடுங்கற? பொண்ணு பார்க்கவா வர்றாங்க?" என்றாள் கூட ஏறிய தோழி ராஃபேலா.

"யாரும் வரலேன்னா?"

"இந்த மலையில உன் ரொட்டியைத் தின்னாதவன் எவன்?"

"பக்கீஸ் அண்ணன்."

அந்தக் கதை ராஃபேலாவுக்கும் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் காட்டுத்தீயில் பக்கீஸின் மந்தை எரிந்தது. மேய்ச்சல் எல்லைத் தகராற்றில் அவர்மேல் கடுப்பாக இருந்த பொனாரியா, பல் போன கிழட்டு ஆடு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஊரே பார்த்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அதுதான் இன்றுவரை இவளை அரிக்கிறது. தன் புத்தியை அன்றைக்கே ஊர் அளந்துவைத்திருக்கும் என்ற பயம்.

உச்சிக்கு வந்ததும் சத்தம் கேட்டது. பட்டி முழுக்க ஆடு! முப்பத்தொன்று. எல்லாம் இளசு, மடி கனத்தவை. ஓட்டி வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். பொனாரியா ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

கடைசியாக, செங்குத்தான ஓடை வழியே ஒரு ஆள் ஏறி வந்தார். பக்கீஸ். எழுபது வயதில், தோளில் ஒரு ஆட்டைச் சுமந்துகொண்டு.

"நடக்க விட்டா என்ன அண்ணே?" என்றாள் ராஃபேலா.

"சினை ஆடும்மா. பாறையில தாவ விட மனசு வரல."

பொனாரியா எதிரே போய் நின்றாள். "அண்ணே, அன்னைக்கு நான் உங்களுக்குக் கொடுத்தது..."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இதைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"உன்கிட்ட ஆடு இல்லையேம்மா" என்றார் அவர், மூச்சு வாங்க.

அழுதுகொண்டே அந்த ஆட்டைத் தன் தோளுக்கு வாங்கிக்கொண்டாள் பொனாரியா.