பந்தலுக்கு வெளியே நிற்கும் அரளித் தூண்

இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் எந்த அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போனாலும் பந்தலுக்கு வெளியே தனியாக ஒரு மூங்கில் தூண் நிற்கிறது. அடியிலிருந்து நுனி வரைக்கும் செவ்வரளி. பந்தல் முழுக்கப் பச்சையும் குருத்தோலை வெளுப்புமாக இருக்க, வெளியே அந்த ஒற்றைச் சிவப்பு. சனங்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். போன மாதம் தோவாளைப் பக்கம் ஒரு கொடையில் என் அருகே நின்றவர், "ஆளு பெரிய கலைஞன்தான் வே! ஒரே ஒரு சிவப்பு, அதையும் எங்க கொண்டு நிறுத்தியிருக்கான் பாரும்!" என்றார். நான் தலையை ஆட்டினேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. அம்மனைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்தத் தூண் அழகுக்காக வந்ததல்ல. என்னால் வந்தது.

நான் பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கலையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி ஒன்றும் கிடையாது. ஆனால் சினிமா நடிகருக்கு ரசிகர் இருக்கிற மாதிரி, பந்தல் ஜோடிக்கிற ஒருவருக்கு நான் ரசிகன். அவர் எங்கே வேலை செய்தாலும் கடையை வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்துவிடுவேன். போனில் என் பிள்ளைகளின் படத்தைவிட அவர் பந்தல்களின் படம்தான் அதிகம்.

அவர் முதலில் தெர்மோகோல் வேலை செய்தவர். கல்யாண மேடையில் இரண்டு அன்னம் மூக்கோடு மூக்கு வைத்து நிற்குமே, அது அவர் கைவேலைதான். ஒரு மழைக்காலத்தில் வயலில் தண்ணீர் வடியாமல் கிடக்க, ஆட்கள் மடையைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். அடைத்துக்கொண்டு கிடந்தது அவர் செய்த அன்னத்தின் கழுத்து. அன்றோடு அதை விட்டார். பிறகு அவர் கட்டியதெல்லாம் குருத்தோலை, மாவிலை, கமுகம்பூ, வாழைத்தண்டு. குண்டூசிக்குப் பதில் ஈர்க்குச்சி, நைலான் கயிற்றுக்குப் பதில் வாழைநார். சிவப்பு வேண்டும் என்று யாராவது கேட்டால் மட்டும் வாழைப்பூவின் மங்கல் மடலை விரித்து வைப்பார். அவருக்கு இருந்தது ஒரே சட்டம். "பந்தலைப் பிரிச்சா மாடு திங்கணும். மாடு திங்காததை நாங்க கட்டமாட்டோம்."

அவரைப் பார்த்து வேறு ஆட்களும் அந்த வழிக்கு வந்தார்கள். மார்த்தாண்டம் பக்கம் சர்ச் ஜோடிக்கிற ஒருவர், தோவாளையில் பூக்கட்டுகிற அக்காள் தங்கச்சி, கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிற சில பேர். சங்கமும் கிடையாது, போர்டும் கிடையாது. ஊரில் 'இலைக்காரங்க' என்று பெயர் விழுந்துவிட்டது. சர்ச்சுக்காரர் ஓலையில் நட்சத்திரம் முடைந்தால் அது உள்ளே விளக்கு இல்லாமலே மினுங்கும். தோவாளைக்காரிகள் வாழையிலையை மடிக்கிற மடிப்பு பட்டுச்சேலைக் கொசுவம் மாதிரி இருக்கும். எங்கள் ஆளோ காலியிடம் விடுவார். பந்தலில் அங்கங்கே ஒன்றும் இருக்காது. தீபாராதனை நேரத்தில் வெளிச்சம் சரியாக அந்த இடத்தில் வந்து உட்காரும்போதுதான் ஏன் விட்டார் என்று தெரியும். இது யார் கை, அது யார் கை என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

அந்தப் பெருமையில்தான் ஒரு விஷயத்தை நானே கண்டுபிடித்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். "அவருக்குப் பளிச்சுன்னு உள்ள சிவப்பு பிடிக்காது. அதான் அரளியைத் தொடமாட்டாரு."

"அவரு உங்ககிட்ட வந்து சொன்னாரா?" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

"ஏட்டி, ஒரு கலைஞனோட மனசு அவன் வேலையில தெரியும்."

"அப்பிடியா? உங்க கடையில புளி கறுத்துப்போயில்லா கிடக்கு. உங்க மனசும் அதுதானா?"

எங்கள் ஊர்க் கொடைக்கு அவரை வரவழைக்கக் கமிட்டியில் நான் சண்டையே போட்டேன். "இலை கட்டுறதுக்கு டிசைனரா? எங்க வீட்டு ஆடே செய்யுமே வே" என்று கேலி பண்ணினார்கள். கடைசியில், "சரி, உம்ம பொறுப்பு" என்று விட்டுக்கொடுத்தார்கள்.

கொடையன்று விடியும்போது வேலையை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார். போகிறபோது என் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, இதுல வேற ஒண்ணும் சேர்க்காண்டாம். பிரிச்சதும் மாட்டுக்குப் போட்டிருங்க" என்றார். கலைஞனுக்குத் தன் வேலையில் பிறர் கைபட்டால் பிடிக்காதுதானே என்று நினைத்துக்கொண்டேன். காரணம் கேட்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் சனம் வந்தது. "அம்மனுக்குக் கொடையா, கருமாதி வீடா? ஒரு பொட்டுச் சிவப்பு இல்லையே" என்று யாரோ சொன்னார்கள். இன்னொருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவமானமும் வெப்ராளமுமாகிவிட்டது. நானும் அம்மன் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கே குறையாக இருக்கிற மாதிரிப் பட்டது. வீட்டுக் கிணற்றடியில் செவ்வரளி மரம் நிற்கிறது. என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து செவ்வாய், வெள்ளி அம்மனுக்குப் பூ பறிக்கிற மரம். போய்க் கொப்புக் கொப்பாக வெட்டிக்கொண்டு வந்து, மாவிலைக்கும் ஓலைக்கும் நடுவே அவர் விட்ட காலியிடத்தில் எல்லாம் சொருகினேன். இலையும் பூவுமாக அது பந்தலோடு ஒன்றாகவே சேர்ந்துகொண்டது. "இப்பக் கொள்ளாம், நல்லாருக்கு" என்றார்கள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அரளி விஷம் என்பது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் விஷம் என்றால் மஞ்சளரளிக் கொட்டைதான் என் நினைப்பில் இருந்தது. செவ்வரளி அம்மன் தோளில் கிடப்பது. அவள் மேல் கிடந்தது யாரையாவது கொல்லும் என்று என் புத்திக்கு வரவேயில்லை.

மறுநாள் பந்தலைப் பிரித்தோம். வாடிச் சுருண்டபின் எது ஓலை, எது கொப்பு என்று பிரித்துப் பார்க்கவில்லை. கட்டாகக் கட்டி நானே தலையில் சுமந்துகொண்டு, கோவிலுக்குப் பின்னால் குடியிருக்கிற ஒரு அக்காவின் தொழுவத்தில் கொண்டு போட்டேன். அந்த அக்காவுக்கு ஆள் துணை கிடையாது. ஒரு கறவைப் பசுவும் கன்றும்தான். "பயமில்லாம போடுங்கக்கா. இலைக்காரங்க பந்தலு, மாடு திங்கத்தான் கட்டுறது" என்று பெரிய ஆள் மாதிரிச் சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் அக்கா சத்தம் போட்டு அழைத்தாள். பசு வாயில் நுரை தள்ளி, கால் நடுங்கி நின்றது. ஓடிப்போய் மாட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். அவர் தீனியைக் கிளறி ஒரு நீள இலையை எடுத்தார். "இது அரளியில்லா? இதையா போட்டிய?" ஊசி போட்டார். தெரிந்ததெல்லாம் செய்தார். பொழுது சாயுமுன் பசு போய்விட்டது. கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. அக்கா அழவில்லை. "மக்கா, நீதானே பயமில்லாம போடச் சொன்ன" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குள் ஊரில் ஒருவர் அலங்காரக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். அவர் பைக்கில் வந்து இறங்கினார். "மாடு திங்கும், மாடு திங்கும்னு பெருமையடிச்சீரே, வந்து பாரும் ஓய்!" என்று ஆளாளுக்கு ஏசினார்கள். அவர் குனிந்து அந்த இலையை எடுத்துப் பார்த்தார். தன்னுடையது இல்லை என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். ஆனாலும் அக்காவைப் பார்த்துக் கைகூப்பி, "என் பந்தல்ல இருந்து வந்ததும்மா. நான்தான் பொறுப்பு" என்றார்.

எனக்கு அதைக் கேட்டு நிற்க முடியவில்லை. "அவரு இல்லே. நான்தான் வச்சேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். ஏசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள் என்னையும் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் அண்ணாச்சி?" என்றார் அவர்.

"அம்மனுக்குச் சிவப்பு இல்லையேன்னு... உங்களுக்குச் சிவப்பு பிடிக்காதுன்னு நெனச்சேன்."

அவர் கையிலிருந்த அரளி இலையைக் கீழே போட்டார். "எனக்கு ரொம்பப் பிடிச்ச நிறமே சிவப்புதான் அண்ணாச்சி" என்றார்.

இத்தனை வருடம் அவர் பந்தல் பந்தலாகப் போய்ப் பார்த்தவன் நான். அவர் விரும்பிய ஒன்றை எதற்காகவோ விட்டு வைத்திருக்கிறார் என்று ஒருநாளாவது தோன்றியதா?

என் வீட்டில் நின்ற பசுவை அன்றைக்கே அவிழ்த்துக் கொண்டுபோய் அக்கா தொழுவத்தில் கட்டினேன். அவள் கன்றைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். அரளி மரத்தை வெட்டக் கோடாலியை எடுத்தபோது வீட்டுக்காரி தடுத்தாள். "மரம் என்ன செஞ்சிது? அது நின்ன இடத்துலதான நிக்கி."

அடுத்த வருடக் கொடைக்கு அவர் வரமாட்டார் என்று நினைத்திருந்தோம். வந்தார். வந்ததும் பந்தலுக்கு வெளியே, மாடு வராத இடமாகப் பார்த்து ஒரு மூங்கிலை நட்டார். "அம்மனுக்கு அரளி கொண்டு வரத்தான் செய்வாங்க. நான் வேண்டாம்னு மட்டும் சொன்னேன். அதுக்குன்னு ஒரு இடம் ஒதுக்கல. அது என் வேலையில உள்ள குறை" என்றார். என் குறையை அவர் எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை. முதல் கொப்பை என் மரத்திலிருந்து கொண்டு வந்து என்னையே கட்டச் சொன்னார். கட்டினேன். கொடை முடிந்ததும் அதைத் தனியாக அவிழ்த்துக் குழி தோண்டிப் புதைத்தோம். அதைப் பார்த்துத்தான் மற்ற இலைக்காரர்களும் எல்லாக் கோவிலிலும் தூண் நட ஆரம்பித்தார்கள்.

தூண் நட்ட அந்த முதல் வருடம் பிரித்த இலையை அக்கா வாங்கவில்லை. வாய்க்கால் கரையில் கிடந்து காய்ந்தது. மாடு திங்கக் கட்டிய பந்தலை மாடு திங்கவில்லை. அவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இந்த வருடம் பிரிக்கிற அன்று அக்கா தானாக வந்தாள். தரையில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு ஓலையாக, ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்தாள். நான் எதிரே நின்றேன். உட்காரத் துணிவில்லை. வெயில் ஏறிவிட்டது. பார்த்து முடித்த இலைகளை மடியில் அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"நம்பி எடுக்கல கேட்டியா. பாத்து எடுக்கேன்" என்றாள்.

"சரிக்கா" என்றேன். மீதிக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, தலை குனிய வழியில்லாமல், அவள் பின்னால் தொழுவத்துக்கு நடந்தேன்.