பிளவக்கல் அணைக்குக் கொண்டுபோன அவசரப் பை

பயணம் பற்றி எழுதுகிறவர்கள் தூர தேசம் போய் வந்தவர்களாக இருப்பார்கள். நான் போய் வந்தது நாற்பத்து மூன்று கிலோமீட்டர். படிப்பும் எட்டாவதோடு நின்றுவிட்டது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிற நான் இதை எழுத வந்ததற்குப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குப் பார்த்ததை யாரிடமும் வாயால் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1989ஆம் வருடம், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பிளவக்கல் அணை நிரம்பிவிட்டது என்று என் வீட்டுக்காரர் மில்லில் கேட்டுவிட்டு வந்தார். திருப்பூரிலிருந்து என் தம்பி சேகரும் அவன் மனைவி செல்வியும் எட்டு மாதக் குழந்தையோடு வந்திருந்தார்கள். ஒரு அம்பாசிடர் கார் பேசினோம். போக வர இருநூற்றைம்பது ரூபாய். டிரைவர் பெயர் முருகேசன். முப்பது வயது இருக்கும்.

முதல் நாளே நான் ஒரு ரெக்ஸின் பை கட்டி வைத்திருந்தேன். வீட்டுக்காரருக்கு நெஞ்செரிச்சல் மாத்திரை, செல்விக்கு வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம், குழந்தைக்கு ஓமவாட்டர், தம்பிக்குத் தலைவலித் தைலம் என்று ஆளுக்கு ஒன்று. டார்ச் லைட், கயிறு, டிஞ்சர், கத்தரிக்கோல். பத்து லிட்டர் கேனில் காய்ச்சி ஆறிய தண்ணீர். இவற்றோடு என் தறித் துணி நாலு மீட்டர். நான் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓடும் தறியில் அப்போது பதினான்கு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தேன். அடிபட்டால் கட்டுவதற்கு என்னிடம் இல்லாத துணியா?

காலை ஆறரை மணிக்கு ராஜபாளையத்தை விட்டுக் கிளம்பினோம். பையைப் பார்த்ததும் தம்பி ஆரம்பித்துவிட்டான்.

"என்னக்கா, ஆஸ்பத்திரியவே மூட்டை கட்டிட்டியா? டாக்டர் எங்க, டிக்கிக்குள்ள இருக்காரா?"

"ஏலே, சும்மா வா. வழியில உனக்குத் தலைவலிச்சா எங்கிட்டதான வருவ" என்றேன்.

"வராட்டியும் அக்கா வர வச்சிருவா போலயே!"

முருகேசனும் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு.

பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவா கால் கிலோ பத்து ரூபாய்க்கு வாங்கிக்கொண்டோம். கோபுரத்தை எத்தனையோ தடவை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். காரிலிருந்து இறங்கி, அடியில் நின்று, கழுத்து வலிக்கும் வரை பார்த்தது அன்றுதான். பதினோரு நிலை. ஏறி நின்று அதைக் கட்டியவர்களின் கால்கள் எப்படி நடுங்காமல் நின்றன என்று யோசித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தேன்.

கிருஷ்ணன்கோவிலில் இடது பக்கம் திரும்பினால் வத்திராயிருப்பு ரோடு. அங்கிருந்து மலை நம்மை நோக்கி வர ஆரம்பிக்கிறது. இருபுறமும் வயல், தென்னை. வத்திராயிருப்பு தாண்டி, கூமாபட்டி தாண்டி, ரோடு குண்டும் குழியுமாகிவிட்டது. ஒன்பதரை மணிக்கு அணைக்கு வந்து சேர்ந்தபோது எஞ்சினிலிருந்து ஆவி வந்தது.

அணையின் கரை மேல் ஏறினேன். எப்படிச் சொல்வது? மூன்று பக்கமும் மலை. அதன் பாதி உயரத்தில் மேகம் படுத்திருக்கிறது. மலை இடுக்குகளில் அங்கங்கே வெள்ளையாக அருவிகள். தறியில் பாவு அறுந்து நூல் தொங்குமே, அதைப் போல மெல்லிசாக. அத்தனை நூலும் வந்து விழுந்து நிரம்பிய தண்ணீர் அசையாமல் இருந்தது. நாற்பத்தாறு வயது வரை இத்தனை பக்கத்தில் இதை வைத்துக்கொண்டு தறிச் சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறேன். செல்வி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். குழந்தைகூட அழவில்லை.

பத்தரை மணிக்குப் புளிசாதம் சாப்பிட்டோம். அப்போதுதான் முருகேசன் வந்து கேட்டார்.

"அக்கா, அந்தக் கேன்ல தண்ணி இருக்கா? ரேடியேட்டருக்கு ரெண்டு செம்பு ஊத்துனா போதும்."

நான் கேனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "அது அவசரத்துக்கு வச்சிருக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"சரிக்கா. குடிக்கிற தண்ணிய வண்டிக்கு ஊத்தக் கூடாதுதான்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, ஒரு டப்பாவோடு கீழே ஓடைக்கு இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் "யம்மா" என்று ஒரு சத்தம். ஓடைத் தண்ணீருக்குள் யாரோ உடைத்துப் போட்ட பாட்டில். இடது உள்ளங்காலில் விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. தம்பி அவரைத் தாங்கிக் கொண்டுவந்து பாறையில் உட்கார வைத்தான். பாறை சிவந்தது.

"ஏட்டி, பைய எடு!" என்றார் வீட்டுக்காரர்.

எடுத்தேன். ஆளுக்கு ஒன்றாக எடுத்து வைத்த பையில் டிரைவருக்கென்று ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காலைப் பிடிக்கப் போனேன். அவர் இழுத்துக்கொண்டார்.

"நீங்க காலத் தொடாதீங்கக்கா. நானே கட்டிக்கிடுதேன்."

வேற்று ஆம்பிளையிடம் நிமிர்ந்து பேசாதவள் நான். அன்றைக்கு, "பேசாம நீட்டுங்க" என்று அதட்டிவிட்டேன். கேன் தண்ணீரைச் சாய்த்துக் கழுவினேன். என் துணியை நாலு மடிப்பாக மடித்து அழுத்தினேன்.

துணி ரத்தத்தைக் குடிக்கவில்லை. முத்து முத்தாக உருண்டு ஓரத்தில் வழிந்தது. இன்னும் நாலு மடிப்பு வைத்தேன். அதிலும் அப்படியே. பிறகுதான் புரிந்தது. தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பு, கஞ்சி ஏறியது. சலவைப் பட்டறையில் வேகவைத்து வெளுத்த பிறகே அது தண்ணீரை இழுக்கும். அது எனக்குத் தெரியாததா? ஆனால் நெய்து மடித்து அனுப்புவதோடு என் வேலை முடிந்துவிடும். வெளுத்த துணி என் கைக்கு வந்ததே இல்லை.

செல்வி குழந்தைக்கு வைத்திருந்த பழைய வேட்டித் துணிகளை நீட்டினாள். நூறு தடவை துவைத்த துணி. அது உடனே குடித்தது. அதை வைத்து அழுத்தி, மேலே என் துணியைச் சுற்றி இறுக்கினேன். இறுக்குவதற்கு மட்டும் என் துணி உதவியது.

வத்திராயிருப்பு ஆஸ்பத்திரி ஒன்பது கிலோமீட்டர். எங்களில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. பஸ் மத்தியானம்தான். கேனில் மிஞ்சிய தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றச் சொன்னார் முருகேசன். நானே ஊற்றினேன்.

"கிளட்ச் மிதிச்சாத்தான இந்தக் கால் வலிக்கும்? செகண்ட் கியர்ல போட்டு நிப்பாட்டாமப் போயிருவேன். எதுக்க ஆடு மாடு வராமப் பாத்துக்கோங்க" என்றார்.

தம்பி ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டான். "வழி விடுங்கய்யா! பிரேக் பிடிக்காது!" என்று கூமாபட்டி முழுக்கக் கத்தினான். கோழிகள் பறந்தன. ஒரு பெரியவர் சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார்.

"பிரேக்கு நல்லாத்தானய்யா பிடிக்குது" என்றார் முருகேசன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அது நமக்குத் தெரியும். அவங்களுக்கு எதுக்கு?"

நான் பின்னாலிருந்து அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வேர்வை ஓடியது. ஸ்டியரிங்கில் கை நடுங்கவில்லை. மலையைப் பார்த்து வாயடைத்துப் போனவள் இப்போது ஒரு மனிதரைப் பார்த்து வாயடைத்துப் போனேன்.

ஏழு தையல். நர்ஸ் என் கட்டைப் பிரித்துப் பார்த்து, "கட்டு நல்லா இறுக்கமா இருக்கு. ஆனா எதுக்கு இந்தத் துணி?" என்று கேட்டார். அவர் புதுச் சுருள் ஒன்றை எடுத்தார். வெள்ளை வெளேர் என்று இருந்தது. அந்த இழை இடைவெளியை என் விரல் அறியும். என் தறியில் நெய்ததோ பக்கத்துத் தறியோ, எங்கள் பக்கத்துத் துணிதான். மருந்தில் நனைத்துக் காலில் வைத்ததும் ஒரு நொடியில் அது நிறம் மாறி ஊறியது. பதினான்கு வருடத்தில் அது வேலை செய்வதை நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். கோபுரத்தின் அடியில் நின்றபோது வந்த அதே உணர்வு வந்தது.

திரும்பும்போது முருகேசனுக்குத் தெரிந்த ஒரு லாரி டிரைவர் காரை ஓட்டினார். முருகேசன் முன் சீட்டில், காலடியில் என் ரெக்ஸின் பை, அதன் மேல் அவர் கால். கிருஷ்ணன்கோவில் வரும் வரை சொல்ல வராததை அங்கேதான் சொன்னேன்.

"கேட்டப்பவே தண்ணியக் குடுத்திருந்தா உங்களுக்கு இது வந்திருக்காது."

அவர் திரும்பாமல் சொன்னார்: "கண்ணாடி கிடக்கும்னு நீங்க கண்டீயளாக்கா? அடுத்த வாட்டி மட்டும் எனக்கும் ஒரு மாத்திர எடுத்து வைங்க."

தம்பி சிரிக்கவில்லை. காலியான கேனை மடியில் வைத்துக்கொண்டு மலையைத் திரும்பிப் பார்த்தேன். மேகம் இறங்கி மூடியிருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. தம்பி போய் முருகேசனைப் பார்த்துவிட்டு வந்தான். காய்ச்சல் இல்லை, கால் வீங்கவில்லை என்றான். நான் காலை பஸ்ஸில் சத்திரப்பட்டிக்குத் தறிக்குப் போனேன்.