வாய் மட்டும்

அந்த இசைத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தின் மேலே, சிவப்புப் பென்சிலால், தமிழில் "வாய் மட்டும்" என்று எழுதியிருக்கும். எழுதியது ரொறன்ரோவில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவை நடத்திய கொயர் அன்ரி. தொண்ணூறுகளின் நடுவில், முழுக் குழுவுக்கும் முன்னால் வைத்து எழுதினா.

பாட்டு நானூறு வருசத்துக்குக் கிட்டப் பழையது. இத்தாலியில் ஒரு கோயில் இசைக்காரர் எழுதிய லத்தீன் சங்கீதம். ஆழத்திலிருந்து ஆண்டவரைக் கூப்பிடுகிற சங்கீதம். ஓர்கன் கிடையாது. ஆல்ட்டோ என்கிற தணிந்த பெண்குரல்கள்தான் வெறும் வாயால் தொடங்கவேணும்; பிறகுதான் மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக ஏறிவரும். ஆல்ட்டோவில் நாங்கள் நாலுபேர். உண்மையைச் சொன்னால் ஒராள்தான். நான் தொடங்கி அரை நொடி கழித்து, என் சுருதியைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற மூன்று பேரும் வருவார்கள். இது அன்ரிக்கு மட்டும் தெரியாது.

எனக்கு மிசிசாகாவில் விமானச் சாப்பாடு பொதி செய்கிற வேலை. முடிந்ததும் ரெக்ஸ்டேல் வீட்டுக்குக்கூடப் போகாமல், இரண்டு பஸ்ஸும் சப்வேயும் பிடித்து ஒத்திகைக்கு ஓடுவேன். கிழமையில் நான் மனிசியாக நின்றது அந்த ஒன்றரை மணித்தியாலம்தான். பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் இருக்க, கடைசி ஒத்திகை முடிகிற நேரம், அன்ரி கைதட்டிப் பாட்டை நிப்பாட்டினா.

"உமக்குச் செத்தவீட்டுக் குரல். கரைப்பக்கத்து ஒப்பாரி மாதிரிக் கிடக்கு. வெள்ளைக்காரர் கேட்டால் சிரிப்பினம். நீர் வாயை மட்டும் அசைச்சுக்கொண்டு நில்லும், காணும்."

சொன்னது போதாதென்று தாளைப் பறித்து எழுதியும் தந்தா. ஊரில் எங்கள் கடற்கரைக் கோயிலில், பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலம் முழுக்க ஒப்பாரி பாடிய தொண்டை இது. கொன்வென்ரில் படித்த அவவுக்கு அதில் மீன் மணத்திருக்கவேணும். "ஓம் அன்ரி" என்றேன். இரு, காட்டுறன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

பெரிய வெள்ளியன்று கோயில் நிறையச் சனம். அன்ரி கையை உயர்த்தி இறக்கினா. சரியான இடத்தில், சரியான அகலத்தில் வாயைத் திறந்தேன். சத்தம் விடவில்லை. மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தபடி ஆவென்று நின்றார்கள். அன்ரி திரும்பவும் கையை இறக்கினா. அப்பவும் ஒன்றுமில்லை. முன்வரிசையில் ஆரோ சிரித்தார்கள். கடைசியில் அவவே தன் கீச்சுக் குரலில் தொடங்கிவைக்க, பாட்டு நொண்டி நொண்டிப் போனது. எனக்கென்றால் தேன் குடித்த மாதிரி இருந்தது.

"ஏன் பாடேல்லை?" என்று பிறகு கேட்டா.

"நீங்கள்தானே அன்ரி எழுதித் தந்தனீங்கள்" என்று தாளைக் காட்டினேன். அதோடு கொயரை விட்டேன்.

மூன்று வருசம் கழித்து அன்ரி செத்துப்போனா. அவவின் மகள் விட்பியிலிருந்து போன் எடுத்தாள். இங்கேயே வளர்ந்த பிள்ளை. "அம்மாவுக்கு அந்தப் பாட்டுத்தான் விருப்பம் அன்ரி. ஸ்டார்ட் பண்ண ஆள் இல்லை, பிளீஸ்."

அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். சவப்பெட்டிக்கு நேரே நின்று, என் செத்தவீட்டுக் குரலை அடிவயிற்றிலிருந்து அப்படியே எடுத்துவிட்டேன். கைதட்டி நிப்பாட்டுங்கோ பாப்பம்! கோயில் முழுக்க அழுதது. ஒரு வெள்ளைக்காரரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் மகள் வந்து என் கையைப் பிடித்தாள். தாளைக் கண்டுவிட்டாள். "இது அம்மான்ர ஹான்ட்ரைற்றிங் எல்லோ! எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது அன்ரி. என்ன எழுதியிருக்கிறா?"

நல்லாப் பாடு என்று எழுதியிருக்கிறா எனச் சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு காலம் முழுக்க ஆறியிருக்கும். நான் எழுத்தெழுத்தாகத் தொட்டு வாசித்துக் காட்டினேன். ஏன் எழுதினா என்பதையும் சொன்னேன். அவளின் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பாவம்தான், அவள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

தாள் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. பக்கத்திலேயே ஒரு அழிறப்பரும் கிடக்கிறது. இன்றுவரை அதைக் கையில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.